ஏழு பத்து

மூன்று மணிக்கு எழுந்து
பனி வாரும் வண்டியை எடுக்கிறேன்.
கரையோரச் சாலை, தேவாலய மேடு,
மீன் தொழிற்சாலைத் திருப்பம்,
கடைசியாக எங்கள் தெரு.
ஹம்மர்ஃபெஸ்ட் ஊருக்கே வழி திறந்துவிட்டு
ஏழு மணிக்கு வீடு திரும்பினால்
அந்த வழியாக வரப்போகும் பேருந்தைத்
தவறவிடுவதற்காக
மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான்
என் மகன் சிந்த்ரே.

பதினைந்து வயது.
"அஞ்சு நிமிஷம்மா" என்பான்.
அவனுடைய அஞ்சு நிமிஷத்துக்குள்
ஒரு டிசம்பர் மாதத்தையே மடித்து வைக்கலாம்.

சில நாள் குறை சொல்லவும் வாய் வருவதில்லை.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
இன்னும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
விடிந்துவிட்டது என்று நான் சொல்வதற்கும்
ராத்திரிதானே என்று அவன் சொல்வதற்கும்
ஜன்னலில் ஒரே சாட்சி, ஒரே கறுப்பு.

புவியியல் ஆசிரியை
இருட்டையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.
பனியாறுகள் பற்றிய கட்டுரை எங்கே,
மூன்று வாரமாகிறதே என்று எழுதியிருந்தார்.

எழுதத்தான் உட்கார்ந்தான், பாவம்.
பென்சில் சீவினான்.
சீவியதில் மேசையின் அழுக்கு கண்ணில் பட்டது.
துடைத்ததில்
எட்டு வயதில் தொலைத்த காந்தம் அகப்பட்டது.
படுக்கப் போகுமுன் எட்டிப் பார்த்தேன்.
வீட்டுக் கரண்டிகளையெல்லாம்
ஒட்டுவது, ஒட்டாதது என்று
இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தான்.
எங்கள் கல்யாணக் கரண்டிகள் ஒட்டின.
சுத்த வெள்ளி என்று சொல்லித் தந்தவர்
என் மாமியார்.

"உருப்படியாக ஒரு கால அட்டவணை போடுடா"
என்று கெஞ்சினேன் ஒரு ஞாயிறு.
கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மணி நேரம்.
அளவுகோல், ஐந்து நிற மை,
மூலையில் எந்த நிறம் எதற்கு என்ற குறிப்பு.
அட்டவணைப்படி
அந்த ஞாயிறு மாலையே கட்டுரை முடிந்திருக்க வேண்டும்.
அட்டவணை முடிந்தது
அந்த ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு.
அதே காந்தத்தை வைத்துக்
குளிர்பெட்டிக் கதவில் மாட்டினான்.

மறுநாள் காப்பிக் கோப்பையோடு நின்று படித்தேன்.
ஏழு மணி: எழுதல். பச்சை.
ஏழு இருபது: நிஜமாக எழுதல். நீலம்.
நடுவில் பத்து நிமிஷம் சிவப்பு.
அதில் பொடி எழுத்தில்:
"அம்மா கத்துவாள்."

சிரித்தேனா என்று நினைவில்லை.
வாரம் முழுக்கப் பார்த்தேன்.
பச்சை நடக்கவில்லை, நீலம் நடக்கவில்லை.
சிவப்பு மட்டும்
ஒரு நாள்கூடப் பிசகவில்லை.
தானாகப் பொங்கி வருவது என்று நம்பியிருந்த கோபத்துக்கு
என் வண்டியைப் போலவே
வேலை நேரம் போட்டு வைத்திருக்கிறான் பிள்ளை.

வெள்ளிக்கிழமை
படிக்கட்டின் கீழே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
ஏழு பத்து.
குளிர்பெட்டி முனகுவது கேட்டது.
ஏழு பதினொன்று. பதின்மூன்று.
கத்தாமல் நிற்பதற்குக்
கை இரண்டும் எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை.

மேலே கதவு திறந்தது.
கலைந்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது.
"அம்மா, உடம்பு சரியில்லையா?"
"நல்லாத்தான் இருக்கேன்."
"மணி ஏழு பதினாலு ஆச்சே."

ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.
தூக்கத்தின் சூடு ஆறாத கை.
என்னைவிட ஒரு சாண் உயரம் இப்போது,
எப்போது வளர்ந்தான் என்று
எந்தக் கட்டத்திலும் குறித்திருக்கவில்லை.

இன்னொரு காலுறையைத் தேடினோம், இரண்டு பேரும்.
அதற்குள் நான் வழித்துவைத்த சாலையில்
விளக்கெல்லாம் எரிய
ஓட்வாரின் பேருந்து போய்விட்டது.
"அடுத்தது எட்டு ஐந்துக்கு" என்றான்.
அது மட்டும் மனப்பாடம்.

ரொட்டி வெட்டிக் கொடுத்தேன்.
கட்டுரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்து,
சரி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்
என்று நினைத்தேன்.
பாதி ரொட்டி போன பிறகுதான் உறைத்தது,
இது யாருடைய பேச்சு என்று.